சுற்றுலாப் படமும் வரலாற்றுச் சான்றும்

விடுமுறை நாள்களில் படப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக்கும் ஆற்றங்கரைக்கும் பழைய கட்டடங்களுக்கும் புறப்படுவோர் தொகை இந்நாட்டில் பெரிது. கைப்பேசிக்குள்ளேயே படப்பெட்டி அடங்கிவிட்ட பிறகு, படம் எடுக்காதவர் அரியர் என்றே கூறலாம். இவர்களுள் மிகப் பலர் படம் எடுத்துப் பொருள் ஈட்டுபவர் அல்லர். அழகிய காட்சியைக் கண்டு மகிழவும், கண்டதை வீட்டாருக்கும் நண்பருக்கும் காட்டவும் விரும்பும் ஆர்வலரே அவர்கள். அவ்விருப்பம் போற்றத் தக்கது. ஆயினும், ஒரு பழைய இடத்தின் முன் நிற்கும்போது அவர்கள் கையிலுள்ள கருவி பொழுதுபோக்குக்கு மேலான ஒரு பணியையும் செய்ய வல்லது. இடம் அழியலாம், மாறலாம், பெயர்த்து வேறோரிடத்தில் வைக்கப்படலாம். அந்நிலையில், யாரோ ஓர் ஆர்வலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த படமே அவ்விடத்தைப் பற்றிய சான்றாக நின்றுவிடும்.

அழகுக்காக எடுக்கும் படம் எப்போது சான்றாகிறது? அதற்கு வேண்டுவன யாவை? கடாரம் என்று நம் முன்னோர் வழங்கிய கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காணலாம்.

முன் சென்ற ஆர்வலர்

இக்கருத்துப் புதிதன்று. 1839இல் ஐரோப்பாவில் உலகறிய வெளிப்பட்ட நிழற்படக் கலை, இருபது ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் வேரூன்றிவிட்டது. 1856இல் சென்னையில் நிழற்படக் கழகம் ஒன்று நிறுவப்பெற்றது. அதற்கு முதல்வராய் நின்றவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர். அந்நாளில் படம் எடுத்தோருள் பலர் படை அலுவலரும் மருத்துவரும் அரசு ஊழியருமே ஆவர். தம் கடமை ஒழிந்த நேரத்தில் பெரிய மரப்பெட்டிகளையும் மருந்துக் குப்பிகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் பழைய கோயில்களை நாடிச் சென்றனர்.

அவர்களுள் ஒருவர் சென்னைப் படையைச் சேர்ந்த அலெக்சாண்டர் கிரீன்லா. 1856இல் அவர் விசயநகரப் பேரரசின் தலைநகராய் இருந்து அழிந்த ஹம்பியைப் படம் பிடித்தார். மெழுகூட்டிய தாளில் எடுக்கப்பட்ட அப்படங்கள் நெடுங்காலம் எவரும் அறியாமல் கிடந்து, 1980இல் வெளிவந்தன. அப்போது ஆராய்ச்சியாளர் கண்டது என்ன? ஹம்பியின் விட்டலர் கோயிலில் உள்ள கல்தேரை அறியாதார் இலர். அத்தேரின் மேல் இன்று விமானம் எதுவும் இல்லை. கிரீன்லாவின் படத்திலோ, கல்தேரின் உச்சியில் செங்கல்லால் ஆன விமானம் ஒன்று தெளிவாக நிற்கிறது! நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் மறைந்து கிடந்த ஒரு படம், கட்டடத்தின் இழந்த உறுப்பை மீட்டுக் காட்டிவிட்டது. பின்னர், ஆஸ்திரேலிய நிழற்படக் கலைஞர் ஜான் கோலிங்ஸ், கிரீன்லா நின்ற அதே இடங்களில் நின்று மீண்டும் படம் எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு எது நிலைத்தது, எது அழிந்தது என்பது ஒரு நொடியில் விளங்கும்.

மற்றொருவர் லின்னேயஸ் டிரைப். இவரும் சென்னைப் படையின் அலுவலரே. விருப்பத்தால் நிழற்படக் கலையைக் கற்று, 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படம் எடுத்தார். அப்படங்களின் சிறப்பால் பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். 1858இல் மதுரையையும் தஞ்சையையும் இவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. அவற்றுள் ஒன்று தனித்துக் கூறத் தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் நெடுகப் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க இயலாது. எனவே டிரைப் சிறிது சிறிதாக நகர்ந்து நின்று அதனைப் படமெடுத்து, 21 படங்களை வரிசையாக இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கண்ணுக்கு இனிய காட்சியை விட்டு, கல்லின் எழுத்தை முழுதும் பதிவு செய்ய வேண்டும் என்று அவர் எண்ணியதே இங்கு நோக்கத் தக்கது. ஆர்வலர் ஆவணம் செய்வோராக மாறிய இடம் அது.

கடாரத்து நிலமும் கல்லும்

இம்முன்னோடிகளின் வழியைப் பின்பற்ற விரும்புவோர்க்கு மலேசியாவில் பூஜாங் பள்ளத்தாக்கினும் சிறந்த களம் காண்பது அரிது. கெடாவின் தென்பகுதியில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடையே பரந்துள்ள இந்நிலத்தில், மெர்போக் ஆறும் அதன் கிளைகளும் ஓடுகின்றன. ஆற்றங்கரைகளிலும் சிறு குன்றுகளிலும் செங்கல், செம்புறைக்கல், கருங்கல் ஆகியவற்றால் ஆன பழங்கட்டட இடிபாடுகள் பல காணப்பெற்றுள்ளன. மலாய் மொழியில் இவை சண்டி எனப்படும். இவற்றுள் சில சைவ வைணவச் சார்புடையன. சில புத்த சமயச் சார்புடையன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கர்னல் ஜேம்ஸ் லோ இப்பகுதியின் பழம்பொருள்களைப் பற்றி முதலில் எழுதினார். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவர் தம் மனைவியார் டோரத்தியுடன் அகழ்ந்து, 30 இடங்களுக்கு எண்ணிட்டு விவரித்தார். அவர்தம் அறிக்கை 1940இல் வெளிவந்தது. அவர் 8 என எண்ணிட்ட இடமே புக்கிட் பத்து பகாட் சண்டி. அலஸ்டர் லாம்ப் என்னும் அறிஞர் 1959, 1960ஆம் ஆண்டுகளில் அதனை மீண்டும் அகழ, 1960இல் அது மீட்டுக் கட்டப்பெற்றது. கருங்கல்லால் ஆன விமானத்தையும் அதன் முன் மண்டபத் தளத்தையும் ஜெராய் மலையின் அடிவாரத்தில் காணலாம். அருகே தொல்பொருட் காட்சிச்சாலை ஒன்றும் உள்ளது. சுங்கை பத்து என்னும் இடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் நடத்திய அகழ்வில் இரும்பு உருக்கிய களங்களும், உலைக்குக் காற்றுச் செலுத்திய மண்குழாய்களும், செங்கற் கட்டடங்களும் வெளிப்பட்டன.

முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்தி வென்ற நாடுகளுள் கடாரமும் ஒன்று என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. எனவே தமிழர் பலர் இப்பள்ளத்தாக்கைக் காண விழைவது இயல்பே. ஆனால் வருவோரிற் பெரும்பாலோர் சண்டியின் முன் நின்று தம்மைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். அப்படத்தில் ஆள் இருப்பார். சண்டி பாதி மறைந்திருக்கும்.

இழப்பு கற்பித்த பாடம்

இவ்வாறு திரும்புவதால் வரும் குறை என்ன? 2013ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தால் அது விளங்கும். பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என வழங்கிய இடிபாடு, தனியார் நிலத்தில் வீடமைப்புக்காக மண் சமன் செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டுவிட்ட செய்தி அவ்வாண்டு டிசம்பரில் வெளியாயிற்று. நாடெங்கும் வருத்தக்குரல் எழுந்தது. ஆனால் வருத்தத்தால் கல் திரும்பாது. பல நூற்றாண்டு மழைக்கும் வேருக்கும் தாக்குப்பிடித்த ஒரு கட்டடம், பொறியின் ஒரு சில மணி நேர வேலைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

அழிவு மட்டுமே மாற்றம் அன்று. பாதுகாப்பும் மாற்றத்தை விளைவிக்கும். பெண்டியாட் சண்டி, பெங்காலான் பூஜாங் சண்டி, பெண்டாங் டாலாம் சண்டி ஆகியவை தம் பழைய இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டுக் காட்சிச்சாலை வளாகத்தில் மீண்டும் அமைக்கப்பெற்றன. கற்களும் செங்கற்களும் பிழைத்தன, நன்றே. ஆனால் அவை நின்ற ஆற்றங்கரையும், நோக்கிய திசையில் இருந்த நிலமும், சுற்றியிருந்த வயலும் உடன் வரவில்லை. பெயர்ப்பதற்கு முன் எடுத்த படம் இல்லையேல், அவ்வுறவை இன்று எதனாற் காட்டுவது?

சான்றுக்கு வேண்டுவன

சைவ சித்தாந்த நூலார் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்வர். ஒருவர் எடுத்த படம், அவர் கண்ட காண்டலைப் பிறர்க்கும் பிற்காலத்தார்க்கும் உரியதாக்குகிறது. பின்னர் அப்படத்தைப் பார்ப்போர் அதிலிருந்து கருதி அறிகின்றனர். ஆனால் காண்டல் தெளிவாகவும், உடன் வரும் உரை உண்மையாகவும் இருந்தால்தான் கருதல் பிழையற அமையும். இதனை மனத்திற் கொண்டால், ஆர்வலர் செய்ய வேண்டுவன நான்கே: நிலத்தைக் காட்டல், ஒளியை அறிதல், அளவைச் சேர்த்தல், குறிப்பை எழுதல்.

முதலாவது, நிலம். அழகிய இயற்கைக் காட்சி வேறு, வரலாற்றிடம் வேறு என்று எண்ணுவது தவறு. ஜெராய் மலை சமவெளியிலிருந்து திடீரென எழுவதால் கடலில் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அது கலங்கரை விளக்கம் போன்றது. மலையைக் குறியாகக் கொண்டு வந்தோர்க்கு அதன் தெற்கே மெர்போக் ஆற்று முகம் புகலிடமாயிற்று. பெங்காலான் பூஜாங்கில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் அங்கு நடந்த வாணிகத்தைக் காட்டுகின்றன. ஆகவே, ஆற்று முகத்திலிருந்து மலையைக் காட்டும் ஒரு படம் வெறும் இயற்கைக் காட்சி அன்று. துறைமுகம் ஏன் இங்குத் தோன்றியது என்னும் வினாவுக்கு விடை அது. மலைமேல் செல்லும் சாலையில் ஏறி, காலையில் மேகம் சூழுமுன் கீழே நோக்கினால், நெல்வயலும் ஆற்று வளைவும் அலையாத்திக் காடும் கடலும் ஒருங்கே தோன்றும். சண்டிகளுக்குச் செல்லுமுன் இக்காட்சியை எடுத்து வைத்தல் நன்று.

கட்டடத்தை எடுக்கும்போதும் இம்முறையே பொருந்தும். முதலில் தொலைவிலிருந்து சுற்றுப்புறத்தோடு ஒரு படம், அடுத்து நான்கு திசைகளிலிருந்தும் நான்கு, மூலைகளிலிருந்து நான்கு, அதன் பின்னரே தூண்பீடம், படி, நீர் வழியும் தாரை போன்ற நுண்பகுதிகள். நுண்பகுதியை மட்டும் எடுத்தால் அது எங்கிருந்தது என்பது பின்னர் எடுத்தவர்க்கே மறந்துபோகும்.

ஒளியை அறிதல்

இரண்டாவது, ஒளி. கல்லின் மேடு பள்ளத்தைக் காட்டுவது நிழலே. உச்சி வெயிலில் சுவர் தட்டையாகத் தோன்றும்; காலையும் மாலையும் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு பொருத்தும் உளித் தடமும் எழுந்து நிற்கும். இந்நாட்டில் இதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. கெடா ஏறத்தாழ 100 பாகைத் தீர்க்க ரேகையில் உள்ளது. கடிகாரமோ 120 பாகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. எனவே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று. பிற்பகல் 1 மணிக்கும் 1.30 மணிக்கும் இடையிலாகும். காலை 8 மணி ஒளி இங்கு மிக இளமையானது. ஒன்பதரை மணி வரையிலும் சாய்ந்த ஒளி கிடைக்கும்.

பருவத்தையும் நோக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் தென் கெடாவில் உச்சிச் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும். அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் வடபாற் சாய்ந்து செல்லும். மற்ற மாதங்களில் தென்பாற் செல்லும். ஆகவே ஒரு கோயிலின் வடசுவர் நேர் வெயில் பெறுவது ஜூன் மாதத்தை ஒட்டியும், தென்சுவர் பெறுவது டிசம்பரை ஒட்டியுமே. ஒரே நாளிற் சென்று நாற்புறமும் நன்றாக எடுத்துவிட்டேன் என்று எவரும் கூற இயலாது. ஆண்டில் இருமுறை செல்பவரே முழுமையாகக் கண்டவர் ஆவர்.

சாய்ந்த ஒளியின் அருமை கல்வெட்டில்தான் மிகுதியும் விளங்கும். 1800 வரை கெடாவின் பகுதியாய் இருந்த செபராங் பிறையில், புக்கிட் மெர்தாஜாம் நகரின் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில், செரோக் தோக்குன் கல்வெட்டு உள்ளது. பெரிய கருங்கற் பாறையின்மேல் பொறித்த எழுத்துகள் தேய்ந்து மங்கியிருப்பதால், நேர்முக ஒளியில் அவை கண்ணுக்குப் புலப்படுவது அரிது. பக்கவாட்டில் ஒரு கைவிளக்கை வைத்து, அதன் திசையை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்தால், ஒரு படத்தில் மறைந்த கோடு மற்றொன்றில் தோன்றும். எழுத்தைத் தெளிவாக்கும் பொருட்டுச் சுண்ணக்கட்டியால் தீட்டுவதும், எண்ணெய் பூசுவதும், பாசியைச் சுரண்டுவதும் பெருந்தீங்கு. தீட்டியவர் எதை எழுத்தென்று எண்ணினாரோ அதுவே படத்தில் விழும். கல்லின் உண்மை விழாது. கல்லும் கெடும்.

அளவும் குறிப்பும்

மூன்றாவது, அளவு. படத்தில் ஒரு செங்கல் ஒரு சாண் நீளமா, ஒரு முழ நீளமா என்பதை எவ்வாறு அறிவது? பொருளின் அருகே அளவுகோல் ஒன்றை வைத்தாலன்றி இயலாது. இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. ஒரு மீட்டர் நீளமுள்ள மூங்கிற் கழியில் பத்துப் பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு வண்ணமாகச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறித் தீட்டிக்கொண்டால் போதும். சிறு பொருளுக்கு மாணவரின் 30 சென்டிமீட்டர் அளவுகோலே தகும். கழியைப் பொருளின் தளத்திலேயே வைக்க வேண்டும். முன்னே தள்ளி வைத்தால் அளவு பொய்க்கும். படப்பெட்டியை மேல்நோக்கிச் சாய்த்தால் நேர்ச்சுவரும் சாய்ந்து தோன்றும். எனவே சற்றே பின்வாங்கி, கருவியை மட்டமாகப் பிடித்தல் வேண்டும். கைப்பேசியின் அகன்ற வில்லை ஓரங்களை இழுத்துக் காட்டுமாதலால், கருதிய பொருள் படத்தின் நடுவில் அமைதல் நலம்.

இக்காலத்தில் மற்றொரு வழியும் உண்டு. டிரைப் 21 படங்களை ஒட்டிச் செய்ததைக் கணினி இன்று எண்ணற்ற படங்களைக் கொண்டு செய்கிறது. ஒரு கட்டடத்தைச் சுற்றி மெல்ல நடந்துகொண்டே, ஒவ்வொரு படமும் முந்திய படத்தின் மூன்றில் இரு பகுதியையாவது தன்னுள் கொள்ளுமாறு எடுத்தால், கணினி அவற்றை ஒப்பிட்டு நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய உருவத்தை அமைத்துவிடும். இதற்குச் சாய்வெயில் ஆகாது; நிழல் இடம் மாறி உருவத்தைக் குழப்பும். மேகம் மூடிய நாளின் சமமான ஒளியே ஏற்றது. ஆகவே வானம் மப்பாக இருக்கிறதே என்று வருந்தித் திரும்ப வேண்டியதில்லை. அளவுகோல் ஒன்று உடன் இருந்தால் அவ்வுருவம் அளவிலும் உண்மையாய் அமையும்.

நான்காவது, குறிப்பு. இதுவே மிக எளியது. மிகப் பலர் விட்டுவிடுவதும் இதுவே. எந்த நாள், எந்நேரம், எவ்விடம், எத்திசை நோக்கி எடுத்தது, எடுத்தவர் யார் என்னும் ஐந்தும் எழுதப்பட வேண்டும். காண்பதையும் கருதுவதையும் வேறுபடுத்தி எழுதுதல் தலையாய கடமை. “கருங்கல் தளம், ஆறு படிகள்” என்பது காண்டல். “சோழர் கட்டிய கோயில்” என்பது கருதல். அதற்குச் சான்று வேண்டும். புக்கிட் பத்து பகாட் சண்டியின் படத்தின் கீழ் “1960இல் மீட்டுக் கட்டப்பெற்ற நிலை” என்று எழுதாவிடின், பின்வருவோர் அதனைப் பழைய நிலை என்றே மயங்குவர். ஆர்வமிகுதியால் நம் முன்னோர் பெருமையை மிகைப்படுத்தி எழுதுவோர், அப்பெருமைக்கே ஊறு செய்வோராவர். ஒரு குறிப்புப் பொய்யெனத் தெரிந்தால், பக்கத்திலுள்ள மெய்க்குறிப்பையும் உலகம் நம்பாது.

படத்தைத் திருத்துவது பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். மங்கிய வானத்தை நீலமாக்கவும், குறுக்கே நிற்பவரை மறைக்கவும் இன்றைய கருவிகள் தாமே முன்வருகின்றன. வீட்டில் மாட்டும் படத்துக்கு அது தகும். ஆவணத்துக்குத் தகாது. திருத்துவதானால் படியைத் திருத்தி, மூலத்தை அவ்வாறே வைத்துக்கொள்ள வேண்டும். செய்திச் செயலிகள் வழியே அனுப்பிய படம் சுருங்கிவிடும். அதனுள் அடங்கிய நாளும் நேரமும் நீங்கிவிடுவதும் உண்டு. எனவே மூலப் படத்தை இருவேறு இடங்களிற் சேமித்தல் இன்றியமையாதது.

நெறியும் காப்பும்

படம் எடுப்போர்க்குச் சில நெறிகளும் உள. நல்ல காட்சிக்காகச் சுவர்மேல் ஏறுதல், கல்லை நகர்த்துதல், வேரை அறுத்தல் ஆகியவை கூடா. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் பழம்பொருள்களைக் காக்கிறது. தரையிற் கிடக்கும் ஓர் ஓட்டுத் துண்டும் கிடந்த இடத்தில் இருக்கும்போதே செய்தி சொல்லும். பையிற் போட்ட பிறகு அது வெறும் ஓடு. புதிதாக ஏதேனும் கண்டால் எடாமல் படமெடுத்து, இடத்தைக் குறித்து, உரிய துறையினர்க்கு அறிவிக்க வேண்டும். காவலற்ற இடிபாட்டின் சரியான இருப்பிடத்தை ஊரறியப் பரப்புதல் பொருள் திருடுவோர்க்கு வழிகாட்டியது போலாகும். தோட்டத்திலும் தனியார் நிலத்திலும் உடையவர் இசைவின்றிப் புகலாகாது. காட்சிச்சாலைக்குச் செல்லுமுன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டறிதல் நன்று. பறக்கும் படப்பெட்டிக்கு முன் இசைவு வேண்டும்.

கருவிக்கும் காப்பு வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து வெளியே எடுத்தவுடன் வில்லையில் நீர்த்திவலை படியும்; சிறிது நேரம் பையிலேயே வைத்திருந்து பின் எடுத்தால் அது நேராது. இந்நாட்டின் ஈரக்காற்றில் வில்லையிலும் பழைய படச்சுருளிலும் பூஞ்சணம் பற்றும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் உப்புப் பொட்டலங்களோடு வைத்தல் வழக்கம். வட கெடாவிலும் தென் கெடாவிலும் ஜனவரி, பிப்ரவரித் திங்கள்கள் மழை குறைந்தவை. செப்டம்பர், அக்டோபர் மழை மிக்கவை.

பள்ளியும் பழைய படத்தொகுப்பும்

இப்பணியில் தமிழாசிரியர்க்குச் சிறப்பான பங்கு உண்டு. பள்ளிச் சுற்றுலாவில் மாணவரை நால்வர் நால்வராகப் பிரித்து, ஒருவர் படமெடுக்கவும், ஒருவர் அளவுகோல் பிடிக்கவும், ஒருவர் திசை பார்க்கவும், ஒருவர் குறிப்பெழுதவும் செய்யலாம். திரும்பிய பின் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து வரி தமிழில் எழுதச் செய்தால், அதுவே சிறந்த கட்டுரைப் பயிற்சியாகும். கண்டதைக் கண்டவாறு எழுதும் ஆற்றல் மொழிக்கும் வேண்டும்; வரலாற்றுக்கும் வேண்டும்.

பழைய படங்களைத் தேடுவதும் எடுப்பதை ஒத்த பணியே. சுங்கை பட்டாணி, பீடோங், மெர்போக் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுடைய வீட்டுப் படத்தொகுப்புகளில், பல ஆண்டுகளுக்கு முன் சண்டிக்குச் சென்றபோது எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டப்பட்டிருக்கலாம். படத்தின் நடுவே மணமக்களோ குழந்தைகளோ நிற்பர். பின்னணியில், எடுத்தவர் கருதாமலே, அந்நாளில் இருந்த கல்வரிசை நிற்கும். அத்தகைய படம் கிடைத்தால் முகப்பை மட்டுமன்றிப் பின்புறத்தையும் படியெடுக்க வேண்டும். கடையின் முத்திரையும், தாத்தா பென்சிலால் எழுதிய நாளும் பின்புறத்திற்றான் இருக்கும். படத்தில் இருப்போரை அறிந்த முதியோர் உள்ளபோதே அவர்பாற் கேட்டு எழுதிக்கொள்ளுதல் அவசரப் பணி. அப்படத்தைப் பிறர்க்கு வழங்குமுன் குடும்பத்தாரின் இசைவைப் பெறுதல் முறை.

சண்டிகளை மட்டுமே வரலாறு என்று கொள்ளுதலும் குறையுடைத்து. ரப்பர் மரங்கள் வெட்டுண்டு எண்ணெய்ப் பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிய தோட்டங்களில், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளும், பால் நிறுத்த கொட்டகையும், சிறு மாரியம்மன் கோயிலும், ஓரறைப் பள்ளியும் மறைந்து வருகின்றன. ஆயிரம் ஆண்டுப் பழைமை இல்லாமையால் இவற்றைக் காக்கும் சட்டமும் அரிது. தேடி வரும் அறிஞரும் அரியர். கடாரத்துக் கல்லைப் படமெடுக்கச் செல்வோர் வழியிலுள்ள தோட்டத்துக் கோயிலையும் அதே முறையில், அதே அளவுகோலோடு எடுத்து வைத்தல் வேண்டும். ஆயிரம் ஆண்டுக்குப் பின் அதுவும் கடாரத்து வரலாறே அன்றோ?

கிரீன்லா 1856இல் கல்தேரைப் படமெடுத்தபோது அதன் விமானம் மறையும் என்று அறிந்திருக்க முடியாது. எது நிலைக்கும், எது அழியும் என்பது எடுக்கும் நாளில் எவர்க்கும் தெரியாது. ஆதலின் எல்லாவற்றையும் தெளிவாக எடுத்து, உண்மையாகக் குறித்து, காத்து வைத்தலே ஆர்வலர் கடமை. அதற்கு வேண்டுவது விலையுயர்ந்த கருவி அன்று; ஒரு மூங்கிற் கழியும், ஒரு குறிப்பேடும், சற்றே பொறுமையுமே.